‘குழந்தை தூங்குது, பார்த்துக்கோ!’
பொறுப்பு கைமாறும் நேரத்தில் கணினித் துறையினர் பேசும் கேலிமொழி

“குழந்தையை உன்கிட்ட கொடுத்துட்டேன். ராத்திரி ரெண்டு தடவை அழுதுச்சு. பால் கொடுத்தேன், இப்போ தூங்குது. எழுந்திரிச்சா நீதான் பார்த்துக்கணும், சரியா?”

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பொந்தியானில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, சக ஊழியரான நண்பனிடம் கைப்பேசியில் இப்படிப் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. இன்னும் திருமணம் ஆகாத மகன், யாருடைய குழந்தையை யாரிடம் கொடுக்கிறான்?

விளக்கிச் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. குழந்தை என்றால் நாங்கள் பராமரிக்கும் கணினி அமைப்பு. அழுதது என்றால் அலாரம் அடித்தது. பால் கொடுத்தது என்றால் சர்வரை நிறுத்தி மறுபடியும் ஓடவிட்டது. “இதை நேரடியாகச் சொன்னால் என்னப்பா?” என்று கேட்டுவிட்டு அம்மா சிரித்தார்.

அம்மா விளையாட்டாகக் கேட்ட அந்தக் கேள்விக்கு எவ்வளவு கனம் உண்டு என்பது மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

தூங்காத வேலை

கணினித் துறைக்குப் போக விரும்பும் மாணவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் நிரல் எழுதுவதைப் பற்றித்தான் பேசுவார்கள். எழுதிய நிரல் இரவு பகலாக ஓட வேண்டும் என்பதும், அது நின்றால் யாராவது ஒருவர் எழுந்து பார்க்க வேண்டும் என்பதும் பலருக்கும் வேலையில் சேர்ந்த பிறகே தெரிகிறது.

வங்கிச் செயலி அதிகாலை 3 மணிக்கும் வேலை செய்கிறது. மருத்துவமனைப் பதிவு முறைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அது நின்றால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பினால் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலும் பயணிகளை ஊழியர்கள் கையால் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. அன்று உலகெங்கும் எத்தனையோ பேரின் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அலறியிருக்கும். அந்த அழைப்பை எடுக்கும் பொறுப்புக்குப் பெயர்தான் ‘ஆன்-கால்’.

இது முறை வைத்துச் செய்யும் வேலை. ஒரு குழுவில் ஆறு பேர் என்றால் ஆறு வாரத்துக்கு ஒரு முறை ஒருவருக்கு வரும். அந்த வாரம் மடிக்கணினி எப்போதும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். திரையரங்கு, கோயில், கல்யாண வீடு எங்கே போனாலும் கைப்பேசி ஒலிக்க வேண்டும். வார முடிவில் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைப்போம். அந்த ஐந்து நிமிடத்தில்தான் கேலிப் பேச்சு பொங்கி வழியும்.

பேஜர் போனாலும் பெயர் போகவில்லை

அந்தக் கேலிமொழியில் மூத்த சொல் ‘பேஜர்’. இன்றைய மாணவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். இடுப்பில் செருகிக்கொள்ளும் சிறிய கருவி. அழைப்பு வந்தால் ‘பீப்’ என்று ஒலிக்கும். மோட்டோரோலா நிறுவனம் ‘பேஜ்பாய்’ என்ற பேஜரை வெளியிட்டது. மருத்துவர்களும் தொழில்நுட்பர்களும் பல ஆண்டுகள் அவ்வகைக் கருவிகளோடுதான் நடமாடினார்கள். கைப்பேசி வந்ததும் பேஜர் மறைந்தது. சொல் மட்டும் தங்கிவிட்டது. பேஜரைத் தொட்டே பார்க்காத இளைஞரும் “இந்த வாரம் பேஜர் என்கிட்டதான்” என்கிறார். 2009-இல் தொடங்கிய ஒரு மென்பொருள் நிறுவனம், இந்த வேலைக்காகவே ‘பேஜர்டியூட்டி’ என்று பெயர் வைத்துக்கொண்டது.

பொறுப்பை ஒப்படைப்பதைச் சிலர் அஞ்சல் ஓட்டத்தில் கோல் மாற்றுவதோடு ஒப்பிடுவார்கள். சிலருக்கு அது சுடச்சுட இருக்கும் உருளைக்கிழங்கு. கையில் விழுந்ததும் அடுத்தவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். பல நாடுகளில் கிளை உள்ள நிறுவனங்களில் ‘சூரியனைத் துரத்துதல்’ என்று ஒரு முறை உண்டு. நமக்கு மாலை 6 மணி ஆகும்போது அயர்லாந்தின் டப்ளினில் காலை 10 அல்லது 11 மணி. அவர்களுக்கு மாலை 6 ஆகும்போது கலிபோர்னியாவில் காலை 10 மணி. ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் பொறுப்பு மாறிக்கொண்டே இருந்தால் யாரும் இரவில் விழிக்க வேண்டியதில்லை.

கூகுள் நிறுவனத்தில் பழைய கோளாறுகளை மீண்டும் நடித்துப் பார்த்துப் புதியவர்களைப் பழக்குவார்கள். அந்தப் பயிற்சிக்கு ‘துரதிர்ஷ்டச் சக்கரம்’ என்று பெயர். ‘அதிர்ஷ்டச் சக்கரம்’ என்ற பொருளில் பெயர் கொண்ட பிரபல அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியைத் திருப்பிப் போட்டு வைத்த பெயர் அது.

ஜாகா, காவடி, ஆணி, கேடி

நம்மவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? எங்கள் குழுவில் தமிழர்கள் மூன்று பேர். ‘இந்த வாரம் ஆன்-கால் யார்?’ என்று நாங்கள் கேட்பதில்லை. ‘இந்த வாரம் ஜாகா யார்?’ என்றுதான் கேட்போம். மலாய் மொழியிலிருந்து வந்து, நம் வீட்டுப் பேச்சில் காவல்காரரைக் குறிக்கும் அந்தச் சொல் இதற்கு அப்படியே பொருந்துகிறது. நாள் முழுக்க அலாரம் அடித்த வாரத்துக்குக் ‘காவடி வாரம்’ என்று பெயர். பொறுப்பை ஒப்படைத்ததும் ‘காவடி இறக்கியாச்சு’ என்று குழுவில் ஒரு செய்தி போடுவோம். மலாய், சீன நண்பர்களும் இப்போது அதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

தமிழகத்துக் கணினித் துறையினரிடம் ‘ஆணி’ என்று ஒரு சொல் உண்டு. 2001-இல் வெளிவந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் ஒப்பந்தக்காரர் நேசமணியாக வடிவேலு வரும் ஆணி பிடுங்கும் காட்சியிலிருந்து பிறந்தது. அலுவலக வேலைதான் ஆணி. ‘இன்னிக்கு ஆணி அதிகம்’ என்றால் வேலை அதிகம். அந்த நேசமணி 2019 மே மாதம் சமூக வலைத்தளங்களில் உலக அளவில் பேசப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும்.

இன்னொரு சொல் ‘கே.டி.’. வேலையை விட்டுப் போகிறவர் தமக்குத் தெரிந்ததைப் புதியவருக்குச் சொல்லிக் கொடுப்பதை ஆங்கிலத்தில் ‘நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்’ என்பார்கள். அதன் சுருக்கம் தமிழர் வாயில் ‘கேடி’ ஆகிவிட்டது. ஆனால், கேடி என்றால் நமக்கு ரவுடியாயிற்றே! அதுவும் ஒரு சுருக்கம்தான். பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்துக் காவல்துறைப் பதிவேட்டில் இருந்த ‘நோன் டெப்ரடேட்டர்’, அதாவது ‘அறியப்பட்ட கொள்ளையர்’ என்பதன் சுருக்கம். ஆகவே ‘கேடி கொடுத்தாச்சா?’ என்று கேட்டால் சிரிப்பு வராமல் இருக்குமா?

சொல்லக்கூடாத ஒரு சொல்

இந்தத் துறையில் சொல்லக்கூடாத சொல்லும் ஒன்று உண்டு. பொறுப்பை வாங்குகிறவரிடம் ‘இந்த வாரம் அமைதியாக இருந்தது’ என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அன்றிரவே எல்லாம் வெடிக்கும் என்பது நம்பிக்கை. மருத்துவமனை அவசரப் பிரிவில் பணிபுரியும் தாதியரிடமும் இதே நம்பிக்கை இருக்கிறது.

படித்தவர்கள் இப்படி நம்பலாமா என்று சிரிக்க வேண்டாம். ராத்திரியில் பாம்பு என்று பெயர் சொல்லாமல் ‘பூச்சி’ என்று சொன்ன பாட்டிமார்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். வெளியே கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘போயிட்டு வரேன்’ என்று இன்றும் சொல்கிறோம். எப்போது வரும் என்று தெரியாத ஆபத்தின் பக்கத்தில் வாழ்கிறவர்கள் சொற்களில் கவனமாக இருப்பார்கள். கேலியும் அப்படிப்பட்ட ஒரு கவசம்தான். தூக்கம் கெட்ட ஒருவர் ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்லத் தயங்குவார். ‘குழந்தை படுத்தி எடுத்துடுச்சு’ என்று எளிதாகச் சொல்லிவிடுவார், கேட்பவருக்கும் புரிந்துவிடும்.

இதுவரை எல்லாம் நல்லதுதான். கேலி மட்டும் போய்ச் சேர்ந்து, செய்தி போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும்? அதை நான் என் தவற்றிலிருந்தே கற்றுக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை அதிகாலை

சிறு கடைக்காரர்கள் வாடிக்கையாளர்களிடமிருந்து உணவு ஆர்டர் பெறும் ஒரு மென்பொருளை அப்போது எங்கள் குழு பராமரித்து வந்தது. என் ஆன்-கால் வாரத்தின் கடைசி நாள். தரவுகளைச் சேமிக்கும் டிஸ்க் நிரம்பி வருவதாக மணிக்கொரு முறை அலாரம் அடித்தது. திங்கட்கிழமை இடத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, அதுவரை அந்த அலாரத்தை ஒலிக்காதபடி செய்தேன். தவறான செயல் என்று சொல்ல முடியாது. எல்லோரும் செய்வதுதான்.

மாலை 6 மணிக்குப் பொறுப்பை ஒப்படைத்தேன். வாங்கிக்கொண்டவர், வேலையில் சேர்ந்து நான்கே மாதமான இளம்பெண். அவருக்கு அது முதல் வேலை. “குழந்தை தூங்குதும்மா, பார்த்துக்கோ. காவடி இறக்கியாச்சு!” என்றேன். “சரிங்கண்ணே” என்று சிரித்தார். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கைப்பேசியை அணைத்துவிட்டு உறவினர்களோடு கூக்கூப்பில் கடலுணவு சாப்பிடக் கிளம்பிவிட்டேன். வாரம் முழுக்கச் சரியாகத் தூங்காத களைப்பு. வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டேன்.

அதிகாலை 3 மணி அளவில் டிஸ்க் முழுதாக நிரம்பியது. ஆர்டர்கள் பதிவாவது நின்றது. ஆனால், அலாரம் அடிக்கவில்லை. நான் ஊமையாக்கியது முன்னெச்சரிக்கை அலாரத்தை மட்டுமன்று, அந்த டிஸ்க்கின் எல்லா அலாரங்களையும் என்பது எனக்கே தெரியாது. காலை 6 மணிக்கு, பசியாறைக் கடைக்காரர்கள் ஆர்டர் வரவில்லை என்று அழைக்கத் தொடங்கிய பிறகுதான் செய்தி வெளியே வந்தது. சனிக்கிழமை காலைதான் அவர்களுக்கு நல்ல வியாபாரம். சமைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தவர்கள் அவர்கள்.

அந்தப் பெண் இரண்டு மணி நேரம் தேடியிருக்கிறார். எங்கே தேட வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? குழந்தை தூங்குகிறது என்றுதானே நான் சொல்லியிருந்தேன்! நான் எழுந்து கைப்பேசியைத் திறந்தபோது மணி 8. வாட்ஸ்அப் குழுவில் ‘ஜாகா யார்?’, ‘தூங்கிவிட்டாரா?’ என்று வரிசையாகக் கேள்விகள். அவற்றுக்குக் கீழே எனக்கு மட்டும் அவர் அனுப்பிய ஒரு செய்தி: “அண்ணே, நான் எதைப் பார்க்காம விட்டேன்னு கொஞ்சம் சொல்லுங்க.”

அவர் எதையும் பார்க்காமல் விடவில்லை. நான்தான் சொல்லாமல் விட்டிருந்தேன்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். முந்தைய இரவே அவர் வேலையை விட்டு விலகும் கடிதத்தை எழுதி வைத்திருந்தார் என்பது பின்னர் தெரிய வந்தது. நல்லவேளையாக அதை அவர் அனுப்பவில்லை. கடைக்காரர்களின் அன்றைய வியாபாரம் மட்டும் போனது போனதுதான்.

167 உயிர்களும் ஒரு குறிப்பும்

எங்களுடையது சிறிய இழப்பு. இதே தவறு பேரழிவாகவும் முடிந்திருக்கிறது. ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில் ‘பைபர் ஆல்ஃபா’ என்ற எண்ணெய் மேடை இருந்தது. 1988 ஜூலை 6 அன்று பகலில், ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுபார்க்கக் கழற்றினார்கள். வேலை முடியவில்லை, திறந்த இடத்தைத் தற்காலிகமாக மூடி வைத்தார்கள். இரவு ஷிப்டுக்கு வந்தவர்களுக்கு அந்தச் செய்தி சரியாகப் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்பு நின்றுபோனதும், வால்வு இல்லாத பம்பை ஓடவிட்டார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் உயிரிழந்தனர்.

மருத்துவத் துறை இதை ஆய்வு செய்தே பார்த்திருக்கிறது. ஒரு மருத்துவர் பணி முடிந்து போகும்போது நோயாளியைப் பற்றி அடுத்தவருக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று ‘ஐ-பாஸ்’ என்ற ஐந்து படி முறையை வகுத்தார்கள். நோயாளியின் நிலை எவ்வளவு கடுமை, இதுவரை நடந்தது என்ன, செய்ய வேண்டியவை எவை, என்ன நேரலாம், நேர்ந்தால் என்ன செய்வது என்று முதல் நான்கு படிகளில் கொடுப்பவர் சொல்ல வேண்டும். ஐந்தாவது படி, வாங்குகிறவர் தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்வது. 9 மருத்துவமனைகளில் இதைச் செயல்படுத்தியபோது மருத்துவப் பிழைகள் 23 விழுக்காடு குறைந்ததாக 2014-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. புதிய மருந்தும் இல்லை, புதிய இயந்திரமும் இல்லை. பேசும் முறை மட்டுமே மாறியது.

விமானிகளிடமும் இதே பழக்கம் உண்டு. ‘கட்டுப்பாடு உங்களிடம்’ என்று ஒருவர் சொல்வார். ‘கட்டுப்பாடு என்னிடம்’ என்று மற்றவர் சொல்வார். முதலாமவர் மறுபடியும் ‘உங்களிடம்’ என்று உறுதி செய்வார். அதன் பிறகே கை விலகும்.

அம்மாவின் இயந்திரம்

இவையெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. முதலில் எனக்குப் பாடம் சொன்னவர் அம்மாதான்.

அம்மா பல ஆண்டுகள் ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்டு வேலை செய்தவர். நடந்ததைக் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்: “நாங்க மெஷினை விட்டுட்டு அப்படியே போக மாட்டோம்பா. அடுத்த ஆள் வந்து மெஷின்ல கை வைக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிப்போம். இந்தச் சத்தம் புதுசா வருது, இந்தப் பக்கம் சூடாகுதுன்னு சொல்லுவோம். அவங்க திருப்பிச் சொல்லுவாங்க. பஸ் போயிடுமேன்னு பயமா இருக்கும். ஆனா, சொல்லாம போனா அவங்க கை போயிடும்.”

மருத்துவ ஆய்வு சொன்ன ஐந்தாவது படியை அம்மா எந்தப் புத்தகமும் படிக்காமலேயே கடைப்பிடித்திருக்கிறார். கொடுத்துவிட்டேன் என்று கொடுப்பவர் சொன்னால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. வாங்கிக்கொண்டேன், இன்னின்னதை வாங்கிக்கொண்டேன் என்று மற்றவர் சொல்லும்போதுதான் மீதியும் முடிகிறது.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது

இது வேலைக்குப் போனவர்களுக்கு மட்டும் உரிய பாடமன்று. பள்ளியில் தமிழ்மொழிக் கழகத்தின் செயலாளராக இருக்கிறீர்களா? அடுத்த ஆண்டுச் செயலாளரிடம் கோப்பை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். எந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை, யாருக்குப் பணம் தர வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். குழுவாகச் செய்யும் ஒப்படைப்பில் உங்கள் பகுதியை நண்பரிடம் தரும்போது, எந்த இடம் உங்களுக்கே சரியாகப் புரியவில்லை என்று எழுதிக் கொடுங்கள். முடித்ததைச் சொல்ல எல்லோருக்கும் பிடிக்கும். முடிக்காததைச் சொல்லத்தான் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

நம் ஜொகூரில் கூலாய், செடெனாக் வட்டாரங்களில் தரவு மையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வருகின்றன. அவை 24 மணி நேரமும் இயங்குபவை. பொந்தியான், ஸ்கூடாய், பத்து பகாட் பிள்ளைகள் பலர் நாளை அங்கே வேலைக்குப் போகக்கூடும். நேர்முகத் தேர்வில் சம்பளத்தை மட்டும் கேட்காதீர்கள். ஆன்-கால் முறை எத்தனை வாரத்துக்கு ஒரு முறை வரும்? அதற்குத் தனிப் படித்தொகை உண்டா? இரவில் விழித்தால் மறுநாள் ஓய்வு உண்டா? ஒப்படைக்கும் முறை எழுத்தில் இருக்கிறதா? கூகுள் பொறியாளர்கள் 2016-இல் வெளியிட்ட நூலில், ஒருவரின் வேலை நேரத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் ஆன்-கால் இருக்கக் கூடாது என்றும், 12 மணி நேர முறையில் இரண்டு கோளாறுகளுக்கு மேல் ஒருவர் தலையில் விழக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். நம் நாட்டிலும் 2023 ஜனவரி 1 முதல் வாராந்திர வேலை நேரத்தின் உச்ச வரம்பு 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டுள்ளது. இதையெல்லாம் தெரிந்துகொண்டு கேட்பவரை நல்ல நிறுவனம் குறைவாக நினைக்காது.

எங்கள் குழுவில் கேலிமொழி இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஜாகாவும் உண்டு, காவடியும் உண்டு. ஆனால், கேலிக்குப் பிறகு நான்கு வரிகள் எழுதுகிறோம்: எது கெட்டது, எதைச் செய்தோம், எது பாக்கி, எந்த அலாரம் ஊமையாக இருக்கிறது. வாங்குகிறவர் அதைத் தம் வாயால் திருப்பிச் சொல்லும் வரை அழைப்பைத் துண்டிப்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை நான் பொறுப்பை ஒப்படைத்தது அதே பெண்ணிடம்தான். இப்போது அவர் எங்கள் குழுவில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். “குழந்தை தூங்குதும்மா” என்று தொடங்கினேன். “அது இருக்கட்டும் அண்ணே, முதல்ல நாலு வரியைச் சொல்லுங்க” என்றார். சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார்.

பேசி முடித்ததும் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: “குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தா அதையும் சொல்லிட்டியாப்பா?”